எழுவாய் இல்லாத சாவுகள்

"விஷவாயு தாக்கி மூவர் பலி."

இந்த வரியை எத்தனை தரம் படித்திருப்போம் என்று நாம் யாரும் கணக்கு வைத்ததில்லை. ஊர்ப்பெயர் மாறும். இருவர், மூவர், நால்வர் என்று எண்ணிக்கை மாறும். மற்றபடி அதே செய்தி, அதே உள்பக்கம், அதே ஒற்றைப் பத்தி. டீக்கடையில் ஒருத்தர் வாய்விட்டுப் படிப்பார். "ச்சே, பாவம்" என்பார் இன்னொருத்தர். பக்கம் புரளும். சினிமாச் செய்தி வந்துவிடும்.

தோழர்களே, பக்கத்தைப் புரட்டாமல் அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். செத்தவர்கள் அதில் இருக்கிறார்கள், பெயராக இல்லை, எண்ணாக. கொன்றதும் இருக்கிறது: விஷவாயு. ஏதோ புதரிலிருந்து நல்லபாம்பு சீறி வந்து கொத்தியது மாதிரி வாயு எங்கிருந்தோ வந்து தாக்கிவிட்டது. மூடியைத் திறந்தது யார்? "எறங்கு" என்று சொன்னது யார்? குழி யாருடையது? கூலி எவ்வளவு பேசினார்கள்? எதுவும் வாக்கியத்தில் இல்லை. கடைசியில் ஒரு சொல், "பலி". கோயில் வாசலில் கிடாயை வெட்டினால் அது பலி. பலி என்றால் கொடுத்தவன் ஒருத்தன் இருக்க வேண்டும். பலியை எழுதுகிற பத்திரிகை, கொடுத்தவனை மட்டும் எழுதுவதில்லை.

வேலையில் செத்துப்போன நம் மக்களுக்கு அஞ்சலி என்பது முதலில் இந்த வாக்கியத்தைத் திருத்துவதுதான் என்று நாம் கருதுகிறோம். மாலை, மெழுகுவர்த்தி, மௌனம் எல்லாம் அதற்கு அப்புறம்.

*

பத்திரிகை நடத்துகிற நேரம் போக, வயிற்றுப்பாட்டுக்கு நான் வங்கியில் எழுத்தர். ஒருநாள் மத்தியானம், கூட்டம் குறைந்த நேரம், ஒரு பெண் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் புருஷனின் பாஸ்புக், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நாலாய் மடித்த முதல் தகவல் அறிக்கை. கணக்கை முடிக்க வந்திருந்தார். பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தேன். மிச்சம் முந்நூற்றுச் சொச்சம். மேலே, வருஷத்துக்கு ஒரு தரம் இருபது ரூபாய் பிடித்த வரி. விபத்துக் காப்பீடு. அப்படி ஒன்று இருப்பதே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. விபத்தில் செத்தால் இரண்டு லட்சம் வரும்.

கோரிக்கைப் படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தேன். "விபத்தின் தன்மை" என்று ஒரு கட்டம். அறிக்கையைப் பார்த்தால் அதில் "சந்தேக மரணம்" என்றிருக்கிறது. யார் மேல் என்ன சந்தேகம்? ஒன்றுமில்லை. "என்னம்மா எழுதறது?" என்று கேட்டேன். அந்தம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குழி சார். குழின்னு எழுதுங்க. அவரு தானா போய் விழல. வூட்டுக்காரர் கூப்புட்டு எறக்குனாரு. அதையும் எழுதுங்க" என்றார்.

அதை எழுத அந்தக் கட்டத்தில் இடம் இல்லை. ஒரு விரற்கடை அகலம்தான். "செப்டிக் டேங்க் விபத்து" என்று எழுதி அனுப்பினேன். நான்தான் எழுதினேன். கவிதை எழுதுகிற கை என்று ஊருக்குள் பெயர் வாங்கிய கை. இறக்கியவரை விட்டுவிட்டு, இறங்கியவரை மட்டும் எழுதிற்று. மனு மூன்று தரம் திரும்பி வந்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்டு ஒரு தரம், ரசாயனப் பரிசோதனை அறிக்கை கேட்டு ஒரு தரம், காவல் நிலையத்தின் இறுதி அறிக்கை கேட்டு ஒரு தரம். அறிக்கையில் ஒரு சொல் பிசகினால் இருபது ரூபாய்க் காப்பீடுகூட வாசலில் நின்றுவிடுகிறது. அப்புறம் நீதி எங்கே உள்ளே வரும்?

அந்தம்மா சொன்ன வாக்கியம் எனக்குள் இன்னும் அடங்கவில்லை. அதில் எழுவாய் இருந்தது: "வூட்டுக்காரர்." செயல் இருந்தது: "எறக்குனாரு." பள்ளிக்கூடம் போகாத அந்தம்மா சொன்ன இலக்கணம் பத்திரிகைகளுக்கும் காவல் நிலையங்களுக்கும், எனக்கும், வரவில்லை.

*

குழிக்குள் நடப்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. மலமும் கழிவும் காற்றுப்படாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன் எல்லாம் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிட கனமானது. அடியில் போய்த் தங்கும். சேற்றைக் கிளறினால் மொத்தமாக மேலே கிளம்பும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகின முட்டை வாடை அடிக்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு அளவுக்கு அது வந்தால் மூக்கு மரத்துப்போகும். வாடை போய்விட்டது, ஆபத்து இல்லை என்று ஆள் நினைக்கிற நேரம் அதுதான். ஆயிரம் பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். வாயில் கட்டின துண்டு இதைத் தடுக்காது.

அனுபவஸ்தர்கள் மூடியைத் திறந்ததும் கரப்பான் பூச்சி உயிரோடு ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். ஓடினால் இறங்கலாம். வாயுவை அளக்கிற கருவி கைக்குள் அடங்குகிற காலத்தில், நம் ஆட்களுக்குக் கருவி கரப்பான் பூச்சி.

முதல் ஆள் சாய்கிறார். மேலே கயிறு பிடித்திருப்பவர் சத்தம் போடுகிறார். பதில் இல்லை. உடனே இறங்குகிறார். அவரும் சாய்கிறார். மூன்றாவது ஆள் ஓடிவருகிறார். இவர்கள் யார்? தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுப் பையன். இந்த வேலைக்கு ஆள் எடுப்பது விளம்பரம் கொடுத்து அல்ல. ஒரே தெருவில், ஒரே சாதியில், ஒரே குடும்பத்தில் எடுக்கிறார்கள். அதனால்தான் சாவும் குடும்பமாக வருகிறது. "மூவர் பலி" என்ற எண்ணுக்குப் பின்னால் சாதியின் ஆள்சேர்ப்பு முறை இருக்கிறது. கூடப் பிறந்தவன் உள்ளே கிடக்கும்போது சட்டென்று குதித்தானே, அவனை "போதிய விழிப்புணர்வு இல்லாதவன்" என்று அதிகாரிகள் பேட்டி கொடுக்கிறார்கள். அதே காரியத்தைப் போர்க்களத்தில் ஒருத்தன் செய்தால் பதக்கம் குத்துவார்கள்.

இன்னொன்றும் சொல்வார்கள்: "குடிச்சிருந்தான்." ஆமாம், குடிச்சிருந்தான். குடிக்காமல் அதற்குள் கழுத்துவரை இறங்கிப் பாருங்கள், தெரியும். குவார்ட்டர் வாங்கிக் கொடுத்து இறக்கியவரே சாட்சிக் கூண்டில் ஏறி "போதையில் இருந்தார்" என்று சொல்கிற கூத்து இந்த நாட்டில்தான் நடக்கும்.

*

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1993-இல் ஒன்று. அது போதாமல் 2013-இல் இன்னொன்று. பாதுகாப்பு இல்லாமல் பாதாளச் சாக்கடையிலோ மலக்குழியிலோ ஆளை இறக்கக் கூடாது, நேரடியாகவும் கூடாது, மறைமுகமாகவும் கூடாது என்று அதன் 7-ஆம் பிரிவு சொல்கிறது. தனி ஆள், உள்ளாட்சி, நிறுவனம் யாராக இருந்தாலும் சரி. முதல் தடவைக் குற்றத்துக்கு இரண்டு ஆண்டுவரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் 1993 முதல் குழியில் செத்த ஒவ்வொருவரின் குடும்பத்தையும் தேடிப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் ஆள் இறக்கிச் சாக்கடை அள்ளுவதை நிறுத்த ஆணையிட்டது.

சட்டத்தில் எழுவாய் இருக்கிறது. ஆனால் சட்டத்தை எழுதியவர்களே அதிலொரு சந்தும் விட்டிருக்கிறார்கள். உலர் கழிப்பறையில் மலம் அள்ளுவது ஒரு கணக்கு, சாக்கடையிலும் மலக்குழியிலும் இறங்குவது இன்னொரு கணக்கு. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒன்றிய அமைச்சர், கையால் மலம் அள்ளியதால் செத்தவர் என்று ஒருவரும் பதிவாகவில்லை என்று பதில் கொடுத்தார். அதே அரசு வேறொரு தலைப்பின் கீழ் சாக்கடைச் சாவுகளை நூற்றுக்கணக்கில் எண்ணி வைத்திருந்தது. தலைப்பை மாற்றினால் பிணம் எழுந்து போய்விடுமா?

தமிழ்நாட்டுக்காரர்கள் நாம் டெல்லியை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி 1993-க்குப் பின் பதிவான இந்தச் சாவுகளில் இருநூற்றுக்கும் மேல் தமிழ்நாட்டில். எல்லா மாநிலங்களையும்விட அதிகம். இங்கே ஒழுங்காகப் பதிவு செய்கிறார்கள், அதனால் எண்ணிக்கை கூடுகிறது என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். பதிவான சாவுகளுக்குத் தண்டனையும் அப்படி ஒழுங்காகக் கொடுத்தார்களா என்று அவர்களைக் கேளுங்கள்.

செத்தவர்களின் சாதியை நாம் சொன்னால் "எல்லாத்துலயும் சாதியா?" என்பார்கள். ஒன்றிய அரசே 2024-இல் வெளியிட்ட கணக்கைப் பார்க்கட்டும். நகரங்களில் சாக்கடை, மலக்குழி வேலை செய்கிறவர்களாக அதுவரை பதிவான சுமார் 38,000 பேரில் ஏறக்குறைய 69 சதவீதம் பட்டியல் சாதியினர். நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஆறில் ஒரு பங்கு. குழிக்குள் பத்தில் ஏழு. யதேச்சையாக அமைந்த விகிதமா இது?

*

எழுவாயை அழிக்கிற வேலையை இன்று ஒப்பந்தம் என்கிற காகிதம் செய்கிறது. நகராட்சி ஒரு கம்பெனிக்குக் கொடுக்கும். கம்பெனி உள்ளூர் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும். அவர் மேஸ்திரிக்குச் சொல்வார். மேஸ்திரி தெருமுனையில் நிற்கிற பையனைக் கூப்பிடுவார். பையன் செத்தால் நகராட்சி "எங்க ஆள் இல்லை" என்கிறது. கம்பெனி "எங்க பட்டியலில் இல்லை" என்கிறது. மேஸ்திரியின் செல்போன் அணைந்துவிடுகிறது. வீட்டுக்காரரோ, "சுத்தம் பண்ணத்தான் சொன்னேன், இறங்கவா சொன்னேன்?" என்கிறார். நாலு கை மாறினதும், செத்தவன் தானே மூடியைத் திறந்து தானே விழுந்ததாகக் கதை முடிகிறது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்களே, அது குப்பை அள்ளுகிறவர்களின் போராட்டம், குழியில் இறங்குகிறவர்களுடையது அல்ல. ஆனாலும் இதோடு சேர்த்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். எங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள். முதலாளி யார் என்று தெரிய வேண்டும் என்பதுதான் அந்தக் கோரிக்கை. நள்ளிரவில் போலீஸ் வைத்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் அவர்களுக்குக் காலைச் சிற்றுண்டித் திட்டம் அறிவித்தார்கள். இட்லி வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் கேட்டது இட்லியா?

மரியாதை செய்வதில் மட்டும் நம் ஆட்சியாளர்கள் குறை வைப்பதில்லை. 2019 பிப்ரவரியில் கும்பமேளாவில் பிரதமர் ஐந்து துப்புரவுத் தொழிலாளர்களின் காலைக் கழுவினார். நாடே பார்த்தது. காலைக் கழுவ வேண்டாம் ஐயா, அந்தக் காலைக் குழிக்குள் இறக்காமல் இருந்தால் போதும். இங்கே 2020-இல் "துப்புரவு" என்பதை "தூய்மை" என்று மாற்றினார்கள். பெயர் மாறியது. கடப்பாறையும் வாளியும் மாறவில்லை.

மெரினாவில் 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலை இருக்கிறது. நாலு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள். புடைத்த நரம்பு, முறுக்கிய தசை. நல்ல சிலைதான். ஆனால் அந்த உழைப்பில் நாற்றம் இல்லை. மாநகரத்தின் மலத்தைச் சுமந்தவனை எந்தச் சிற்பியும் வெண்கலத்தில் வார்க்கவில்லை. பழந்தமிழ் வீரம் பேசுகிறவர்கள் நடுகல்லைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டு, பெயரும் ஊரும் வெட்டி வைத்தார்கள். செங்கம் பக்கம் போனால் இன்றும் பார்க்கலாம். ஊராரின் மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல். ஊராரின் மலத்துக்காகச் செத்தவனுக்கு?

*

இப்போது நம் பக்கம் வருவோம். இதைச் சொல்லாமல் தலையங்கத்தை முடித்தால் அது யோக்கியம் இல்லை.

1968 டிசம்பர் 25 வெண்மணியின் 44 பேரை நாம் மறக்கவில்லை. 1997 ஜூன் 30 மேலவளவை மறக்கவில்லை. 1999 ஜூலை 23 தாமிரபரணியில் போன 17 உயிரை மறக்கவில்லை. ஆண்டுதோறும் போகிறோம், கொடி ஏற்றுகிறோம், சபதம் எடுக்கிறோம். கூலி கேட்டதற்காகவும் பதவிக்கு வந்ததற்காகவும் கொல்லப்பட்டவர்கள் நமக்கு ஈகியர். சரி. கூலிக்கு வேலை செய்யும்போதே கொல்லப்பட்டவர்கள் நமக்கு யார்? அவர்களுக்கு ஒரு நாள் வைத்தோமா? சுவரொட்டியில் ஒரு மூலையாவது கொடுத்தோமா?

கொடுக்கவில்லை. ஏன் என்பதையும் பேசுவோம். கோஷம் போட்டுச் செத்தால் வீரம், குழியில் செத்தால் அவமானம் என்று நமக்குள்ளேயே ஒரு கூச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது நம்முடைய கூச்சம் இல்லை, சாதி நம் மண்டைக்குள் வைத்துவிட்டுப் போனது. இன்னொரு காரணம் கூடுதலாகக் கசக்கும். குழியில் செத்தவர்களில் பெரும்பகுதி அருந்ததியர். சென்னையில் தெலுங்கு பேசுகிற நம் மக்களும் உண்டு. மேடையில் நாம் எல்லோரும் தலித். மார்ச்சுவரி வாசலில் மட்டும் "அது அவங்க ஆளு". படிக்கட்டு மாதிரி ஒருத்தன் தலையில் ஒருத்தன் என்று அடுக்கி வைப்பதுதான் சாதியின் பலம் என்று அம்பேத்கர் நமக்குக் காட்டினார். அந்தப் படிக்கட்டு நம் இயக்க அலுவலகத்துக்குள்ளும் இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் யாருக்கு அஞ்சலி செலுத்துவது?

*

ஆகவே ஒரு வேலைத்திட்டம்.

ஏப்ரல் 28. உலகின் பல நாடுகளில் வேலையில் செத்த தொழிலாளர்களின் நினைவு நாள். கனடாவின் தொழிற்சங்கங்கள் 1980-களில் தொடங்கியது. அம்பேத்கர் பிறந்த நாளுக்கும் மே தினத்துக்கும் நடுவில் வருகிறது. இரண்டுக்கும் கூட்டம் போடுகிற நாம், நடுவில் இருக்கிற இந்த நாளையும் எடுத்துக்கொள்வோம். அரங்கம் வேண்டாம். எந்தக் குழியில் செத்தார்களோ அந்தக் குழியின் ஓரத்தில் நிற்போம்.

அதற்கு முன் ஒரு பேரேடு வேண்டும். வங்கிக்காரன் புத்தி என்று சிரிக்காதீர்கள். பேரேடு என்றால் பெயர் எழுதுகிற ஏடு. ஒரு சாவுக்கு ஒரு பக்கம். பெயர், வயது, ஊர். என்ன வேலை பிடிக்கும், எந்த வேலைக்குப் போக ஆசைப்பட்டார். குழி யாருடையது. கூப்பிட்டது யார். கூலி எவ்வளவு. எந்தக் காவல் நிலையம், என்ன பிரிவு. முப்பது லட்சம் வந்ததா. பிள்ளைகள் படிக்கிறார்களா. கணக்கு நேராகும்வரை அந்தப் பக்கத்தை மூடக் கூடாது.

மாணவத் தோழர்கள் உங்கள் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய செய்தித்தாளைத் தேடுங்கள், தகவல் உரிமை மனு போடுங்கள், வீட்டுக்குப் போங்கள். கேமராவோடு அல்ல, முதலில் சும்மா போங்கள். அவர்கள் பேசினால் கேளுங்கள். பெயரை அச்சில் போடலாமா என்று அவர்களிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். இந்தத் தலையங்கத்தில் செத்தவர் பெயர் ஒன்றுகூட இல்லாததற்குக் காரணம் அதுதான். கேட்காமல் எடுத்துப் போட அது நம் சொத்து இல்லை.

களத்தில் இருக்கிற தோழர்கள் சாவுச் செய்தி வந்த அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் முதல் வரியில்தான் எல்லாம் இருக்கிறது. "சந்தேக மரணம்" என்று எழுத விடாதீர்கள். கவனக்குறைவு என்று 106-ஆம் பிரிவோடு நிறுத்தினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று 105-ஆம் பிரிவைக் கேளுங்கள். 2013 சட்டத்தின் 7, 9 பிரிவுகளைக் கேளுங்கள். செத்தவர் பட்டியல் சாதியினர் என்றால், இந்த வேலையில் அவரை ஈடுபடுத்தியதையே குற்றமாக்குகிற வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜெ) பிரிவையும் சேர்க்கச் சொல்லுங்கள். பாஸ்புக்கைப் பதிந்து பார்க்கச் சொல்லுங்கள். இருபது ரூபாய் பிடித்திருந்தால் அதையும் விடக் கூடாது. காசு கொடுத்துச் சமாதானம் பேச ஆள் வரும். அவர் வருமுன் நாம் அங்கே இருக்க வேண்டும்.

சாக்கடை அடைப்பை எடுக்க இயந்திரம் இருக்கிறது. குழிக்குள் இறங்கி அள்ளுகிற எந்திரத்தைப் பக்கத்தில் திருவனந்தபுரத்து இளைஞர்களே செய்து காட்டிவிட்டார்கள். ஆள் இறங்கியே தீர வேண்டிய அவசியம் இல்லை. இயந்திரத்தைவிட ஒரு தலித்தின் உயிர் மலிவாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான். அதை மலிவாகக் கிடைக்காமல் செய்வதுதான் செத்தவர்களுக்கு நாம் செய்கிற மரியாதை.

அடுத்த இதழிலிருந்து பேரேட்டின் பக்கங்களை அச்சிடத் தொடங்குகிறோம். எழுத்துத் திறமை வேண்டியதில்லை. இன்னார் வீட்டுக் குழியில், இன்னார் கூப்பிட்டு, இன்னார் இறக்கிவிட்டு, இன்னார் செத்தார் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். முதல் பக்கத்தை நானே எழுத வேண்டும். அந்தம்மாவைத் தேடிப் போகிறேன். அன்று படிவத்தில் இடமில்லாமல் விட்டதை, அவர் சம்மதித்தால், அவர் சொன்னபடியே எழுதுவேன்.

தோழமையுடன்,
ஆசிரியர்